பிலோமினாவிடம் ‘கம்மி’ என்று சொன்னேன்

பிலோமினா என்ற பெண்மணியிடம், அவருடைய புற்றுநோய் பரவாது என்று சொன்னவள் நான். பரவுமா பரவாதா என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் சொன்னேன்.

நான் மருத்துவர் அல்ல. இதை முதலிலேயே உங்களிடம் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிலோமினாவிடம் நான் இதைச் சொல்லவே இல்லை. காலாப்பட்டுக்குப் போகும் சாலையில், ஒரு வாடகைக் கட்டடத்து ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்காக உழைத்துக்கொண்டிருந்த மாணவி நான். செவ்வாய்தோறும் ஒரு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் இருந்த ஒரு மருத்துவமனைக்குப் போவேன். மார்பில் கட்டி அகற்றப்படும் பெண்களிடம் கையொப்பம் வாங்கி, கட்டியில் ஒரு துணுக்கும், அதே மார்பின் நல்ல சதையில் ஒரு துணுக்கும் எடுத்து வருவேன். வெள்ளைக் கோட்டு போட்டிருப்பேன். எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு தடவைகூட நான் திருத்தியதில்லை... கேட்க நன்றாக இருந்தது.

நான் தேடியது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். செல்லுக்குள் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று ஒன்று உண்டு. மரபணு எழுத்துகளில் எண்ணினால் ஏறக்குறைய இருபத்திரண்டு எழுத்து நீளமே உள்ள பொடித் துணுக்கு. அது தானாக எதையும் உண்டாக்காது. ஒரு புரதத்தைச் செய்யச்சொல்லி செல் அனுப்பும் கட்டளையின்மேல் போய் ஒட்டிக்கொண்டு, அதை நிறுத்திவைக்கும். கையெழுத்தாகி வந்த கோப்பை ஒரு குமாஸ்தா மேசைக்கு அடியில் தள்ளிவிடுவதில்லையா, அந்த மாதிரி. தள்ளிவிடப்படுவது வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் புரதத்தின் கோப்பாக இருந்துவிட்டால் கட்டி பெரிதாகும். செல்களை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் புரதத்தின் கோப்பாக இருந்துவிட்டால், கட்டியின் செல்கள் கழன்று, இரத்தத்தோடு கிளம்பி, எலும்பிலும் ஈரலிலும் போய்க் குடியேறும். அப்படிப்பட்ட ஒரு துணுக்கு கட்டிகளில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதே என் வேலை. இரண்டாயிரத்து ஏழில் எங்கள் துறையில் எல்லோரும் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் அந்த வெறியில் இருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு பேருக்கு அறுவை நடந்தது. ஒருவர் பாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த வயதான அம்மா. நடவு வேலை செய்பவர். கட்டி கைமுட்டி அளவு. இன்னொருவர் பிலோமினா. மிஷன் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் தையல் கடை வைத்திருந்தவர், நாற்பத்து மூன்று வயது. மாதா கோவிலில் புதுநன்மை என்னும் முதல் நற்கருணை வாங்கும் பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன் தைப்பதில் அவருக்குப் பெயர். அவருடைய கட்டி சிறியது. ஆளுக்கு இரண்டு, ஆக நான்கு குப்பிகள்.

ஸ்பிரிட் பட்டாலும் அழியாத பேனா என்று ஒன்று ஆய்வகத்தில் இருக்கும். என்னுடையது காய்ந்துபோயிருந்தது. நர்ஸின் மேசையில் கிடந்த சாதாரண மார்க்கரை எடுத்து எழுதினேன். கை துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட் புட்டியை, வேறு பை இல்லாத சோம்பேறித்தனத்தில், அதே ஐஸ் பெட்டிக்குள் போட்டேன். பேருந்து குலுங்கியது. ஆய்வகத்தில் பெட்டியைத் திறந்தால் புட்டியின் மூடி தளர்ந்து கிடக்கிறது. நான்கு குப்பிகளும் வழவழவென்று, ஒரு எழுத்துக்கூட இல்லாமல்...

விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

என்ன செய்திருக்க வேண்டும்? குறிப்பேட்டில் நடந்ததை எழுதிவிட்டு நான்கையும் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். அல்லது அந்த இரண்டு பெண்களிடமும் ஒரு சொட்டு இரத்தம் கேட்டு வாங்கி, எந்தச் சதை யாருடையது என்றாவது ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். அதற்கு வழி இருந்தது. ஆனால் என் வழிகாட்டியிடம் போய் வாய் திறக்க வேண்டுமே! முந்தைய மாதம்தான் வேறொரு மாணவியை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து, “பெஞ்ச்ல ஒழுங்கா வேல செய்யத் தெரியாதவங்க எதுக்கு இங்க வர்றீங்க?” என்று கேட்டிருந்தார். மாதிரிகள் கிடைப்பதும் அப்போது குதிரைக்கொம்பு. நான் பயந்தவள். பயத்தைப் பொறுப்பு என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டு பழகியவள்.

நான் செய்தது இதுதான். நான்கையும் இயந்திரத்தில் ஓட்டினேன். இரண்டில் அந்த ஆர்.என்.ஏ. துணுக்கு குறைவாக வந்தது. ஒன்றில் கொஞ்சம் கூட. ஒன்றில் மிக அதிகம். குறைந்த இரண்டும் நல்ல சதை என்று எழுதினேன். மிக அதிகமாக இருந்தது பாகூர் அம்மாவின் கட்டி என்று எழுதினேன், அது பெரிய கட்டி என்பதால். மிச்சமிருந்தது பிலோமினாவுடையது.

புரிகிறதா உங்களுக்கு? கட்டியில் அதிகமா என்று கண்டுபிடிப்பதற்காக அளந்தேன். அளந்து வந்ததில் அதிகமாக இருந்ததைக் கட்டி என்று நானே பெயர் வைத்தேன். விடையைப் பார்த்துக் கேள்வியை எழுதினேன். பிறகு அதையே என் வரைபடத்தில் இரண்டு அழகான புள்ளிகளாக வைத்தேன். வழிகாட்டி பார்த்துவிட்டு, “நல்லா வந்திருக்கு” என்றார். அன்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இன்று கூசுகிறது.

இத்தோடு நின்றிருந்தால் ஒரு கெட்ட ஆய்வு மாணவி என்ற அளவில் என் கதை முடிந்திருக்கும்.

பிலோமினாவுக்கு எட்டு முறை கீமோ ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஐந்து முடிந்திருந்த சமயம். ஒரு செவ்வாயன்று மருத்துவமனை நடைக்கூடத்தில், தலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“டாக்டரம்மா, என் சதைய எடுத்துட்டுப் போனீங்களே, அதுல இன்னா வந்துச்சு?”

“அது ஆராய்ச்சிக்குக்கா. தனித்தனியா ரிசல்ட் சொல்றது இல்ல.”

“எனக்கு மட்டும் சொல்லுங்கம்மா. வெரலு எல்லாம் மரத்துப் போவுது. ஊசி குத்துனாகூடத் தெரியல. வெள்ளத் துணில ரத்தத்தப் பாத்துட்டுத்தான் குத்திக்கிட்டேன்னு தெரியுது. புதுநன்மைக்கு இருவத்தாறு கவுனு ஒத்துக்கிட்டுக் கீறேன். இன்னும் மூணு தடவ ஏத்துனா நான் மெஷின்ல குந்தவே முடியாது.”

விரல்களை விரித்துக் காட்டினார். நுனிகளில் சிறுசிறு கறுப்புப் புள்ளிகள். அவர் என்னை நம்பிக் கேட்டார். அந்த நம்பிக்கைக்கு முன்னால் எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இரக்கமும் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் இரக்கத்தைவிட அந்த வெட்கம்தான் பெரிதாக இருந்தது என்பதை இத்தனை நாள் கழித்து ஒப்புக்கொள்கிறேன்.

“உங்களுக்குக் கம்மியாத்தான்கா இருக்கு. பரவுற ஜாதி மாதிரி தெரியல.”

“அப்ப மிச்சம் மூணு?”

“அத டாக்டர்தான் சொல்லணும்” என்றேன். சொல்லும்போது சிரித்தேன். அந்தச் சிரிப்பில் அவருக்கு வேண்டிய பதில் இருந்தது. இருக்கட்டும் என்றுதான் சிரித்தேன்.

“மெர்சி” என்றார், பாதி விளையாட்டாக. அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் கோர்ட்டில் பியூனாக இருந்தவராம். நன்றி சொல்ல அந்த வீட்டில் அந்தச் சொல்தான் புழங்கியது.

குப்பியின் பெயர் சரியாகவே இருந்திருந்தாலும் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஒரே ஒரு பெண்ணின் ஒரே ஒரு அளவை வைத்துக்கொண்டு, பரவும், பரவாது என்று சொல்லும் நிலையில் அன்று யாரும் இல்லை. அதைக் கருத்தரங்கில் யாராவது சொன்னால் நானே எழுந்து மறுத்திருப்பேன்.

அடுத்த ஏற்றலுக்கு அவர் வரவில்லை. நர்ஸிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். “போன் போட்டோம். இனிமே வேணாம், எனக்குக் கம்மியாத்தான் இருக்குதுன்னு சொல்லிட்டாங்க. யாரு சொன்னாங்கன்னு தெரியல” என்றார். நான் என் பெட்டியின் மூடியை அழுத்தி அழுத்தி மூடிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து எனக்குத் தொடங்கிய பயத்தை எப்படிச் சொல்ல? மருத்துவமனை எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கமாட்டேன். மிஷன் வீதி வழியே போவதை விட்டேன். ஒரு நாள் பெரிய மார்க்கெட்டில் மீன் கடைகளுக்கு நடுவே அவரே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். முக்காட்டைத் தள்ளி, குட்டையாக முளைத்திருந்த முடியைக் காட்டினார். இருபத்தாறு கவுன்களையும் கொடுத்துவிட்டாராம். நல்ல வஞ்சிரம் எது என்று பார்த்து எனக்கு வாங்கித் தந்தார். நல்லாத்தானே இருக்கிறார், நாம் சொன்னது சரியாகவே இருக்கலாம் என்று வீடு வரைக்கும் எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டு போனேன். மீனைச் சாப்பிட முடியவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து பிலோமினா ஆய்வகத்துக்கே வந்தார். கூடவே அவருடைய தங்கை ஜெசிந்தா, ஏறக்குறைய என் வயது. பேருந்திலிருந்து இறங்கி நடந்து வந்ததில் பிலோமினா இடுப்பைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

“இவளுக்கும் மாருல கட்டி. எடுக்கணும், கீமோ குடுக்கணும்னு சொல்றாங்க. மாட்டேன்றா. நீங்க சொன்னாக் கேப்பா. எனக்குப் பாத்தாப்புல இவளுக்கும் பாத்துச் சொல்லுங்கம்மா.”

என் கண் அவருடைய இடுப்பில் இருந்த கையிலேயே நின்றது. “அக்கா, இடுப்புல என்ன?”

“மெஷின்ல குந்திக் குந்தி வலி.”

எலும்பு... அந்தச் சொல் என் தொண்டை வரைக்கும் வந்தது. ஸ்கேன் எடுங்கள், இன்றைக்கே போங்கள் என்று நான் கத்தியிருக்க வேண்டும். “டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டுங்களேன்” என்று முணுமுணுத்தேன், வெயிலுக்கு மோர் குடியுங்கள் என்று சொல்வதுபோல. வற்புறுத்தினால் ஏன் என்று கேட்பாரே! அந்தப் பயம் எனக்கு.

விட்டதையெல்லாம் தங்கையிடம் பிடித்துவிடப் பார்த்தேன். “அவங்க சொன்னத எல்லாம் செய்ங்க. கட்டிய எடுங்க. ஒரு ஊசிகூட விடக்கூடாது. கை மரத்தாலும், வாந்தி எடுத்தாலும், என்ன ஆனாலும்” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

ஜெசிந்தாவின் முகம் வெளுத்தது. “அக்காவுக்கு நீங்க இப்புடிச் சொல்லலியே. அக்கா அஞ்சோட நிறுத்திட்டா. அப்ப... எனக்கு அதிகமா இருக்குதா?”

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்க முடியாது. அவளுடைய சதையை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

“ஆமா” என்றேன். “உங்களுக்கு அதிகம்.”

பிலோமினா தங்கையின் தோளை அணைத்துக்கொண்டார். “பயப்படாதடி, நான் இருக்கேன்ல. எனக்கு ஒண்ணும் இல்ல, நான் ஒன்ன பாத்துக்கறேன்” என்றார். ஒரு கை தங்கையின் தோளில். இன்னொரு கை தன் இடுப்பில்.

ஆறு மாதத்தில், புற்று பிலோமினாவின் முதுகெலும்பு முழுக்கப் பரவியிருந்தது தெரிந்தது. அதற்கடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனார். மூன்று ஏற்றல்களையும் முடித்திருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. முடித்தவர்களுக்கும் திரும்பி வருவதுண்டு. பாகூர் அம்மா நன்றாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். குப்பிகள் மாறித்தான் போயினவா என்று அதைக் கேட்டதிலிருந்து யோசிக்கிறேன். அவர் நன்றாக இருப்பதும் எதையும் நிரூபிக்காது என்பதுகூட எனக்குத் தெரியும். எனக்குத் தண்டனை தருவதற்குக்கூட ஒரு உறுதியான விடை இல்லை.

என் ஆய்வேட்டில் அந்த இரண்டு புள்ளிகளும் இருக்கின்றன. எனக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. இப்போது நான் உண்மையிலேயே டாக்டர்.

ஜெசிந்தா எல்லாவற்றையும் முடித்தாள், ஒன்றுவிடாமல். பிழைத்துக்கொண்டாள். பார், நீ சொன்ன பொய் ஒரு உயிரையாவது காப்பாற்றியதே என்று நீங்கள் என்னைத் தேற்ற வருகிறீர்கள் என்றால், தயவுசெய்து வேண்டாம்.

அவள் எனக்கு ஒவ்வொரு பரிசோதனைக்கு முன்னாலும் போன் செய்கிறாள். அறிக்கை நன்றாக வந்தாலும் செய்கிறாள். இன்று காலையும் செய்தாள். அவளை மணந்துகொள்ள ஒருவர் கேட்டாராம். வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

“நாளைக்குச் சாவறவள எதுக்கு அவரு கட்டிக்கணும்? கம்மியா இருந்த எங்கக்காவே போயிட்டா, டாக்டர். அதிகமா இருக்குதுன்னு நீங்களே சொன்னீங்க. மறைக்காம சொல்லுங்க, எனக்கு இன்னும் எத்தன நாளு?”

உங்க ரெண்டு பேருக்கும் நான் சொன்னது பொய் என்ற ஒரே ஒரு வாக்கியம் போதும். அதைச் சொன்னால் அவள் பயம் விட்டு வாழத் தொடங்குவாள். தன் அக்காவைக் கொன்றது யார் என்பதும் அந்த நிமிடமே அவளுக்குத் தெரிந்துவிடும்.

“அதெல்லாம் நெனைக்காதீங்க” என்று சொல்லி போனை வைத்தேன்.