அம்மாவின் கதை வானொலியில் வந்த சனிக்கிழமை

கூட்டங்களில் பேசப் போனால், உங்களை எழுதத் தூண்டியது எது என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நானும் நல்ல பிள்ளையாக, வாசித்த புத்தகங்களின் பெயர்களைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். எழுத்து என்றதும் எனக்கு முதலில் ஒரு கலக்கம்தான் வரும் என்று மேடையில் சொல்ல முடியுமா? அந்தக் கலக்கம் அம்மா எழுதிய ஒரு கதையோடு தொடங்கியது.

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து வன்னிக்குள், மல்லாவியில் ஓலைக் கொட்டில் போட்டு இருந்த காலம். அம்மாவின் அக்காவான பெரியம்மாவும் அதே வளவுக்குள்தான் இருந்தார். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே குசினி, ஒரே அடுப்பு. பெரியம்மாவின் ஒரே மகன், எனக்கு அண்ணா, வெளிநாடு போவதற்காக ஓர் ஏஜென்சிக்காரனை நம்பிக் கொழும்புக்குப் போனவர். போனவரிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் பொழுதுபட்டதும் பெரியம்மா அவருடைய நீல இனாமல் கோப்பையில் சோறு போட்டு மூடி வைப்பார். “கடைசி பஸ்ஸில வந்தா பசியோட எல்லே வருவான்” என்பார். மல்லாவிக்கு முதல் பஸ் வருவதே அப்போது நிச்சயமில்லை. விடிந்ததும் அந்தச் சோறு எனக்குப் பழஞ்சோறாகும்.

அம்மா இதைத்தான் கதையாக எழுதினார். அவர் பள்ளிக்கூட ஆசிரியை. தாளுக்குத் தட்டுப்பாடு என்பதால் பழைய சோதனை விடைத்தாள்களின் பின்பக்கத்தில், ஒரு புனைபெயரில் எழுதினார். அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போன ஒருவரிடம் வானொலி நிலையத்துக்குத் தபாலில் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அதை மறந்தும் விட்டார். மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை, வானொலியில் பெண்கள் நிகழ்ச்சி முடியும்போது, அடுத்த வாரச் சிறுகதை என்று அறிவித்து அந்தப் புனைபெயரைச் சொன்னார்கள்.

நான் துள்ளிக் குதித்தேன். அம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

“அக்கா கேட்டா என்னப்பா செய்யிறது?” என்று அப்பாவிடம் மெல்லக் கேட்டார்.

“ஊரை மாத்திப்போட்டீர்தானே. ஆருக்குத் தெரியப்போகுது?”

ஊரைப் பூநகரியாக மாற்றியிருந்தது உண்மைதான். தண்ணீரைக் கண்டாலே ஓடுகிற அண்ணாவை மீன்பிடிகாரராகவும் ஆக்கியிருந்தார். ஆனால் கோப்பையை மாற்ற அவருக்கு மனம் வரவில்லை. அதைவிடப் பெரிய வில்லங்கம் முடிவில் இருந்தது. கதையில் வரும் தாய் ஒருநாள், மகன் இனி வரமாட்டான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுகிறாள்.

“முடிவையாவது வேற மாதிரி எழுதியிருக்கலாமே?” என்றார் அப்பா.

“எழுதிப் பாத்தனான். சரிவரேல்லை.”

அந்த வாரம் முழுக்க, பெரியம்மாவைச் சனிக்கிழமை வளவை விட்டுக் கிளப்ப அம்மா தலைகீழாக நின்றார். கோயிலுக்குப் போட்டு வாங்கோ அக்கா என்றார். சங்கக்கடையில் நிவாரணம் கொடுக்கிறார்களாம் என்றார். “கதை இருக்கெல்லோ, நான் ஒரு இடமும் போகேல்லை” என்று பெரியம்மா கால் நீட்டி இருந்துவிட்டார். வானொலிக்கு மின்சாரம் தரும் சைக்கிள் டைனமோ பழுதாகிப்போகாதோ என்று அம்மா என்னிடமே கேட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சொந்தக் கதை வானொலியில் வரும்போது இப்படியும் ஒருவர் நடுங்குவாரா?

வன்னிக்குள் பற்றறி கொண்டுவரத் தடை. அதனால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில்தான் வானொலி கேட்போம். சுற்றுவது என் வேலை. சில்லு மெதுவானால் குரல் கரகரத்துத் தேயும். நின்றால் அதுவும் நின்றுவிடும்.

சனிக்கிழமை பக்கத்துக் காணி அக்காவும் வந்திருந்தார். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். கதை தொடங்கியது. கோப்பை வந்த இடத்தில் அந்த அக்கா மெல்லத் திரும்பிப் பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா அசையவில்லை. கதை முடிவை நெருங்கியபோது அம்மா எழுந்து வந்து, “கை நோகும், விடு பிள்ளை” என்று பெடலை என்னிடமிருந்து வாங்கினார். என்மேல் இத்தனை இரக்கமா என்று நினைத்தேன். நாலு சுற்றுச் சுற்றியிருப்பார். சில்லு தளர்ந்தது. குரல் தேய்ந்து நின்றது.

“நல்லாத்தானே போச்சு, ஏன் டீச்சர் நிறுத்திட்டீங்க?” என்றார் அந்த அக்கா.

“டைனமோ சூடாகிப்போச்சு” என்ற அம்மா எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

பெரியம்மா எழுந்து வந்து அம்மாவின் கையைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டார். அம்மாவுக்கும் பக்கத்தில் நின்ற எனக்கும் மட்டும் கேட்கும்படி, “எழுதத் தெரிஞ்சவளுக்குக் கேக்கப் பயமோ?” என்றார். பிறகு தானே சுற்றத் தொடங்கினார்.

வானொலி திரும்பப் பேசியது. கதையில் அந்தத் தாய் கோப்பையைக் கழுவினாள், துடைத்தாள், கவிழ்த்தாள். பெரியம்மாவின் கை ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. கதை முடிந்து பாட்டு வந்தது. பாட்டு முடிந்து, எங்கள் கடைகளில் கண்ணிலும் காணாத சவர்க்காரம் ஒன்றின் விளம்பரம் வந்தது. அப்போதும் அவர் சுற்றிக்கொண்டேயிருந்தார். நிறுத்தச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏனென்று தெரியாமலே.

அதன்பிறகு அம்மா சண்டைக்காகக் காத்திருந்தார். பானையை இறக்கும் சத்தத்துக்கும் திடுக்கிட்டார். சண்டை வரவில்லை. சில நாள் கழித்து, அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருக்க, பெரியம்மா குசினி வாசலில் வந்து குந்தினார்.

“அவனுக்குச் சின்னனில இடிக்குச் சரியான பயம். கதிரைக்குக் கீழ போய் ஒளிச்சிருப்பான். கேக்கிறியோ?”

“ஓம் அக்கா” என்றார் அம்மா.

அன்று தொடங்கியது ஓயவில்லை. அண்ணாவுக்குப் பல்லு முளைத்தது, அவர் நடந்தது, முதல் முறை சைக்கிளால் விழுந்தது, கோபம் வந்தால் இடது காதைப் பிடித்துக்கொள்வது என்று ஒவ்வொரு பின்னேரமும் சொன்னார். அம்மா அதில் ஒரு வரிகூட எழுதவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். முருங்கையிலை ஆய்ந்துகொடுக்க என்னையும் பிடித்து இருத்திவிடுவார்கள்.

“இது முந்தியே சொன்னனீங்கள், பெரியம்மா” என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன்.

“ஓம் பிள்ளை. உனக்கும் சேத்துத்தான் சொல்லுறன்.”

பெரியம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று அம்மாவிடம் கோள் சொன்னேன். அம்மா என் கையிலிருந்த முருங்கைக் கொப்பை வாங்கித் தானே ஆயத் தொடங்கினார். “நீ சும்மா இருந்து கேள்” என்றார். எனக்கு ஒரே அலுப்பு. வெளியே பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. அம்மா எழுதாவிட்டாலும் எழுத இன்னொருத்தி இருக்கட்டும் என்று பெரியம்மா பார்த்துப் பார்த்து ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார் என்பது, எப்போது எழுந்து ஓடலாம் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எப்படித் தெரியும்?