நாகமா, கல்சியமா

அந்தப் புரதத்தின் நடுவே இருக்கும் உலோகம் துத்தநாகம் என்கிற நாகமா, கல்சியமா? மூன்று மாதம் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

பல்கலைக்கழகத்தில் எனக்கு மூத்தவரான ஓர் அக்கா வெளிநாட்டில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறார். புரதத்தைப் படிகமாக்கிய பளிங்குகளில் எக்ஸ் கதிரைச் செலுத்திப் பெற்ற தரவுகளை எனக்கு அனுப்புவார். எந்த அணு எங்கே இருக்கிறது என்று கணினியில் பொருத்தித் திருத்துவது என் வேலை. மருதனார்மடத்து வீட்டில், மகள் தூங்கும் மதியத்தில் செய்வேன்.

அக்காவின் ஆய்வேடு முழுக்க நாகம் என்றே இருந்ததால் உலோகத்தின் இடத்தில் நானும் நாகத்தையே வைத்தேன். திரையில் அந்த இடம் சிவந்தது. தரவு காட்டுவதைவிட நான் வைத்த அணுவில் இலத்திரன்கள் கூடிவிட்டன என்பது அதன் பொருள். பத்துப் புரத மூலக்கூறுகளில் ஆறில்தான் நாகம் இருக்கிறது என்று குறைத்தேன். சிவப்பு மறைந்தது. சுற்றியுள்ள ஒட்சிசன்களின் தூரமும் நாகத்துக்கு உரிய 2.1 அங்ஸ்ட்ரோம். அனுப்பிவிட்டேன்.

சென்ற திங்கட்கிழமை மகளுக்குச் சோறு தீத்தும்போதுதான் நினைவு வந்தது. அந்த 2.1, தொடக்கத்தில் நானே மென்பொருளுக்குக் கொடுத்த கட்டுப்பாடு! நான் சொன்னதையே அது எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறது. ஓடிப்போய்க் கட்டுப்பாட்டை நீக்கி மீண்டும் ஓடவிட்டேன். தூரம் 2.4 ஆனது. அது கல்சியத்துக்கு உரியது. கணக்கும் பார்த்தேன். நாக அயனின் இருபத்தெட்டு இலத்திரனில் அறுபது வீதம் ஏறக்குறைய பதினேழு. கல்சிய அயனில் பதினெட்டு.

வாசலில் மாமி நின்றார்.

"சோத்துக் கையோட கொம்பியூட்டரைத் தொடுறாய். அதுவும் பசியெண்டு அழுகுதே?"

அன்றைக்கே அக்காவை அழைத்தேன்.

"அக்கா, நான் பிழை விட்டிட்டன் போல கிடக்கு. அது கல்சியமாயும் இருக்கலாம்."

"அடியே, வெள்ளிக்கிழமை ஆய்வேடு குடுக்கவேணும். இப்ப வந்து சொல்லுறாய்!"

"நிச்சயமில்லை எண்டு ஒரு வரி எழுதினால்..."

"ஒரு அத்தியாயமே அந்த நாகத்திலைதான் நிக்குது. கல்சியம்தான் எண்டு உன்னாலை அடிச்சுச் சொல்லேலுமோ?"

"ஏலாது அக்கா."

"அப்ப பேசாமல் இரு, என்ரை அம்மா."

அடித்துச் சொல்ல வேறு அலைநீளத்தில் இன்னொரு தரவு வேண்டும். பளிங்குகள் எல்லாம் முடிந்துவிட்டன. எங்கள் தரவும் அவ்வளவு கூர்மையானதல்ல, 2.4 கூடத் தவறாக இருக்கலாம். அக்காவின் பேராசிரியருக்கு மூன்று முறை மின்னஞ்சல் எழுதி அழித்துவிட்டேன். அனுப்பினால் அக்காவின் பட்டம் தள்ளிப்போகும். அவருடைய உதவிப்பணம் இந்த மாதத்தோடு நிற்கிறது. அனுப்பாவிட்டால், என் கட்டமைப்பை நம்பி இன்னொருவர் அதன்மேல் வேலை தொடங்குவார்.

இன்று புதன். மகளுக்குச் சளி, எனக்கு உறக்கமில்லை, சரியாக யோசிக்கிறேனா என்பதும் தெரியவில்லை. அக்காவை மீறிப் பேராசிரியருக்கு எழுதலாமா? இல்லை, அக்காவிடமே இன்னொரு முறை கேட்பதா? இப்படியொரு இடத்தில் நின்றவர்கள் யாராவது இருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.