பத்து நொடியை ஒன்றாக்கிய நாள்

போன வாரம் ஓசூரில் மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவரின் சட்டையிலிருந்து இரும்பு வெட்டும் மெஷின்களில் ஊற்றும் கட்டிங் ஆயில் வாசனை வந்தது. எத்தனை முறை துவைத்தாலும் போகாத வாசனை அது. கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் துரு, கொஞ்சம் புளித்த மோர். என் முறை வந்தபோது எதை வாங்க வந்தேன் என்பதே மறந்துவிட்டது. கடைக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். தலைவலி மாத்திரை என்று சொல்லிச் சமாளித்தேன். தலைவலி அதற்கப்புறம்தான் வந்தது.

படிப்பு முடித்ததும் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது சிப்காட்டில், வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில். ராயக்கோட்டையிலிருந்து தினமும் பஸ். தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நசுங்கி வந்து இறங்கி, சுடிதாரில் ஒட்டிய விதையைத் தட்டிவிட்டு, கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு பெரிய இன்ஜினியர் மாதிரி உள்ளே போவேன். அந்த நடையை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

எங்கள் அறையில் கறுப்பு ஸ்கிரீனில் பச்சை எழுத்து ஓடும். அதன் மூளை பெங்களூரில் ஏதோ ஒரு குளிர்ந்த அறையில் இருந்த பழைய மெயின்ஃபிரேம் கம்ப்யூட்டர். இரும்புத் தகட்டை அடித்து வடிவமாக்கும் பிரஸ் மெஷின்களில் எதில் எந்த வேலை ஓட வேண்டும் என்று அதுதான் சொல்லும். அது வேலை ஒதுக்காமல் எந்த பிரஸ்ஸும் அசையாது. பழுது பார்க்க ஆள் இறங்கினால் அந்த மெஷினுக்கு ‘நிறுத்தம்’ என்று பதிவு போடுவார்கள். அப்புறம் யார் வேலை ஒதுக்கப் பார்த்தாலும் ஸ்கிரீன் ‘நிறுத்தம்’ என்று காட்டி மறுத்துவிடும்.

அந்தப் புரோகிராமுக்குப் புதிய பதிப்பு வரவிருந்தது. அதைச் சோதிப்பது என் வேலை. நானா சோதித்தேன்? ஒரு டெஸ்டிங் மென்பொருள் சோதித்தது. தானே எழுத்தடிக்கும், தானே என்டர் தட்டும், வந்த பதிலைத் தானே படித்துச் சரி என்றால் பச்சை, தவறு என்றால் சிவப்பு என்று குறிக்கும். ஓட விடுமுன் நான் செட்டிங்ஸை நிரப்ப வேண்டும். என்டர் தட்டிய பிறகு பதிலுக்கு எத்தனை நொடி காத்திருக்க வேண்டும், தவறு வந்தால் நிற்பதா, அதைக் கணக்கில் எடுக்காமல் மேலே போவதா, இப்படிச் சில கட்டங்கள். நான் பத்து நொடி என்றும், தவறு வந்தால் நில் என்றும் வைத்திருந்தேன்.

பிரஸ்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டர் மாதேஷ் அடிக்கடி எங்கள் அறைக்குத் தண்ணீர் குடிக்க வருவான். அஞ்செட்டி பக்கம் நாட்றாம்பாளையத்துக்காரன், என் வயதுதான். தண்ணீர் ஒரு சாக்கு. ஏசிக்காக வருகிறான் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு டம்ளரோடு நின்றுவிட்டான்.

“இன்னா மேடம் இது, யாரும் தொடாமயே அடிக்குது? பாக்கவே ஒரு மாதிரியா கீது.”

“பேய் இல்ல மாதேஷ், சாப்ட்வேர்.”

“பேயின்னா பரவால்ல மேடம், ஊர்ல பாத்துக்கீறன். முன்ன நாங்க மெயின் சுவிச்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவிய ஜோபில வச்சிக்கினுதான் பிரஸ்ல எறங்குவம். இந்த ஸ்கிரீனு வந்ததும் பூட்டெல்லாம் வாங்கிப் பொட்டில போட்டுட்டாங்க. இப்ப நான் கைய வுடுறதே இத நம்பித்தான்.”

நான் பெருமையாகத் தலையாட்டினேன்.

சோதனை முடியவே இல்லை. ஒவ்வொரு என்டருக்கும் பத்து நொடி என்றால் பாதி தூரம் போவதற்குள் அன்றைக்கு எங்களுக்கு ஒதுக்கிய நேரம் முடிந்து, பெங்களூரிலிருந்து இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். கடைசியில் இருந்த ‘நிறுத்தம்’ சோதனைகளை அது ஒரு தடவைகூட எட்டவில்லை. மேனேஜர் பெங்களூர்க்காரர், பாதி கன்னடம், பாதி தமிழ்.

“தப்பு வந்தாலும் மேல போன்னு வச்சிடும்மா. ரிப்போர்ட் பச்சையா வரணும், அஷ்டே, அவ்வளவுதான்.”

அது நேர்மையில்லை என்று மறுத்துவிட்டேன். மறுத்ததில் எனக்கு அப்படி ஒரு திருப்தி. அதற்குப் பதிலாக ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். பத்து நொடியை ஒன்றாக்கினேன். எழுத்துகள் பறந்தன. சோதனை கடைசி வரை ஓடியது. எல்லாம் பச்சை.

அன்றும் மாதேஷ் டம்ளரோடு நின்றான். “இன்னா மேடம், அது பதில் சொல்றதுக்குள்ள அடுத்தத அடிக்குதே?”

“உனக்கு அப்படித் தெரியுது” என்று சிரித்தேன்.

திங்கட்கிழமை புதிய பதிப்பை ஏற்றினார்கள். மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. வியாழக்கிழமை காலை, டீ வருகிற நேரம், ஒரு விசித்திரத்தை உணர்ந்தேன். மேஜை அதிரவில்லை. அந்தக் கட்டடத்தில் சேர்ந்த நாளிலிருந்து என் மேஜை பிரஸ்களின் அடிக்கு அதிர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றாக எல்லா பிரஸ்ஸும் நின்றுபோயிருந்தன. வெளியே யாரோ ஓடினார்கள். அப்புறம் மாதேஷ் பெயர் காதில் விழுந்தது.

நான்காம் பிரஸ்ஸுக்கு நிறுத்தம் பதிவு போட்டுவிட்டுத்தான் அவன் இறங்கியிருக்கிறான். ஸ்கிரீன் மறுக்கவில்லை, வேலையை ஒதுக்கிவிட்டது. மறுபக்கம் நின்ற ஆபரேட்டருக்கு அவன் தெரியவில்லை. பொத்தானை அழுத்திவிட்டார். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

கதவைச் சாத்திக்கொண்டு காத்திருப்பை மறுபடி பத்து நொடியாக்கி, அந்த ஒரு சோதனையை மட்டும் ஓட்டினேன். சிவப்பு. மறுபடி ஓட்டினேன். சிவப்பு. ஒரு நொடியில் புதிய பதில் வந்து சேர்ந்திருக்கவில்லை. முந்தைய ஸ்கிரீனில் இருந்த ‘நிறுத்தம்’ என்ற சொல்லையே படித்துவிட்டு மென்பொருள் சரி என்று குறித்திருந்தது. புதிய பதிப்பில் கோளாறு இருந்தது. நான் அதை மறைத்திருந்தேன்.

அச்செடுத்து மேனேஜரிடம் நீட்டினேன். அவர் தாளை நான்காக மடித்தார்.

“பூட்டுப் போடாம எறங்கினது அவன் தப்பு. நோட்டீஸ் போர்டுல ஒட்டியாச்சு. ஆய்த்து, முடிஞ்சுபோச்சு, விட்டுடும்மா. நீ இதச் சொன்னா உன்னையும்தான் கேப்பாங்க.”

இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் படுத்திருந்தேன். வீட்டில் காய்ச்சலா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாதேஷ் கட்டிலில் சாய்ந்து, பெரிய வெள்ளைப் பொட்டலமாக இருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், முடியவில்லை.

“அன்னிக்கே கேட்டனே மேடம்” என்றான்.

“ஆமா.”

“சிரிச்சீங்க.”

“ஆமா.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “எழுதிக் குடுப்பீங்களா? என் தப்புன்னு போர்டுல போட்டுக்கீறாங்க. எங்கம்மா அதப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு அழுவுது.”

எழுதிக் கொடுத்தேன். நொடிக் கணக்கு, நான் மாற்றிய கட்டம், அவன் கேட்ட கேள்வி, நான் சிரித்தது வரை. அதை வைத்து நடந்த விசாரணையில் அவன் மேல் தப்பில்லை என்று ஆனது. போர்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்தார்கள். அவனுக்கு ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கடைசி நாள் ஸ்டோர் பக்கம் போனேன். இடது கையால் பேனாவைப் பிடித்து எழுதப் பழகிக்கொண்டிருந்தான். “வரன் மேடம்” என்றான், போவது நான் என்றாலும். மன்னித்தேன் என்று சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

இப்போது அந்தத் தொழிற்சாலை அங்கே இல்லை. ஷெட்டைப் பிரித்து ஏதோ குடோன் கட்டியிருக்கிறார்கள். பச்சை எழுத்துகளும் போய்விட்டன. மெயின்ஃபிரேமை அணைத்தபோது பழைய பதிவுகளை யாரும் எடுத்து வைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். நான்காம் பிரஸ்ஸுக்கு அன்று காலை மாதேஷ் போட்ட நிறுத்தம் இனி எந்த ஸ்கிரீனிலும் வராது. அவன் ஊருக்கே போய்விட்டானாம். என்னிடம் இருந்த எண்ணை அழைத்தால் அப்படி ஒரு எண் இல்லை என்கிறது. அஞ்செட்டியில் இறங்கி விசாரித்தால் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். நான் இன்னும் போகவில்லை.