ஆடாதொடை என்று விற்ற அரளி

எங்கள் தோட்டத்தில் அவரைச் சீட்டக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். இருபத்தாறு வருடம் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்தவர். காலை ஒன்று, இரவு ஒன்று என்று உறைமேல் எழுதி எழுதி அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சர்க்கரை டப்பாவில் ஒரு சீட்டு, உப்பு டப்பாவில் ஒரு சீட்டு, சாவிக்கொத்தில் ஒன்று. "ஒருநாள் தூங்கி எந்திரிச்சா என் நெத்தியிலயும் ஒட்டியிருப்பா, வாங்குன தேதியோட" என்பார் அவர் கணவர். லாரி ஓட்டி ஓய்ந்தவர், சர்க்கரை நோய்க்காரர்.

வேலையை விட்டதும் ஒரு சீட்டால்தான். தேதி முடிந்த இருமல் மருந்துப் புட்டிகளில் புதுத் தேதி ஒட்டச் சொன்னார் முதலாளி. அக்கா கடைச்சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டார். அந்த மாதச் சம்பளத்தைக் கேட்கவும் போகவில்லை.

பழைய கிடங்குக்குப் பின்னால் ஆளுக்கொரு பாத்தியாக நாற்பது குடும்பங்கள் செடி வளர்க்கிறோம். நான் தையல்காரன், அக்காவுக்கு அடுத்த பாத்தி என்னுடையது. போன வருடத் தொடக்கத்தில் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டது. புதுத் தொட்டிக்குப் பணம் சேர்க்கச் செடி விற்பனை நடத்தலாம் என்று முடிவானது. பொறுப்பு முழுக்க அக்கா தலையில் விழுந்தது. மூன்று மாதம் குச்சி நட்டு, விதை போட்டு, முந்நூறு தொட்டிச் செடிகளைத் தேற்றினார். ஒவ்வொன்றிலும் ஐஸ் குச்சி செருகி, பெயர், வெயிலா நிழலா, தண்ணீர் எவ்வளவு என்று எழுதினார். அரளியை மட்டும் சுவரோரம் தனியாக வைத்து, குச்சியில் சிவப்பு மையால் எழுதினார்: விஷம். வாயில் வைக்கக் கூடாது.

விற்பனைக்கு முந்தின நாள் நாங்கள் போன பிறகு செயலாளர் வந்திருக்கிறார். ஊரில் மூன்று சங்கங்களுக்கு அவர்தான் செயலாளர். கசங்காத வெள்ளைச் சட்டை. அவருடைய மருமகன் அச்சகம் வைத்திருக்கிறார். இருவருமாகக் குச்சிகளைப் பிடுங்கிச் சாக்கில் போட்டுவிட்டு, பளபளவென்று வண்ண அட்டைகள் செருகியிருக்கிறார்கள். அட்டைக்குக் காசு கொடுத்த மரச்சாமான் கடையின் பெயர் செடியின் பெயரைவிடப் பெரிதாக இருந்தது. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று தொட்டிகளையும் உயரவாரியாக மாற்றி அடுக்கிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவின் கணவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. அதனால் அக்கா வர ஒரு மணி நேரம் தாமதம். விற்பனை மேசையில் நான்தான் இருந்தேன். அட்டையில் என்ன இருந்ததோ அதைச் சொல்லிக் கொடுத்தேன். எனக்குத் துணி தெரியும், இலை தெரியாது.

அக்கா வந்ததும் முதல் வரிசையிலேயே நின்றுவிட்டார். கத்தரியில் தக்காளி என்று அட்டை. இரண்டடி தள்ளிப் போனார். குனிந்து ஒரு இலையைத் தடவிப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"தம்பி, இந்த ஆடாதொடைல எத்தன போச்சு?"

"ரெண்டுக்கா. இருமலுக்கு நல்லதுன்னு அட்டையிலயே போட்டிருக்கே."

"இது அரளி."

செயலாளர் மைக்கில் நன்றியுரை ஆற்றிக்கொண்டிருந்தார். அக்கா நேரே போய் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினார். "ஆடாதொடைன்னு செடி வாங்கினவங்க நில்லுங்க. அது அரளி. இலைய வாயில வெச்சா உசுருக்கே ஆபத்து. திருப்பிக் குடுத்துடுங்க."

வாசலருகே ஒரு பெண் தொட்டியைக் கீழே வைத்தார். இன்னொன்று யார் வாங்கியது என்று எனக்கு நினைவிருந்தது. சைக்கிள் பழுதுபார்க்கிறவர். அம்மாவுக்கு இரண்டு வாரமாக இருமல் என்று சொல்லித்தான் வாங்கினார். அதை அக்காவிடம் சொன்னேன்.

என் ஸ்கூட்டரில் போனோம். சைக்கிள் கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடையில் சாவி செய்கிறவர் பின் சந்தில் வீட்டைக் காட்டினார். கதவு திறந்தே இருந்தது. உள்ளே கட்டிலில் அந்த அம்மா இருமிக்கொண்டிருந்தார். அடுப்பில் தண்ணீர் கொதித்தது. கழுவிய இலைகள் நான்கு தட்டில் இருந்தன.

"நாலு போதுமான்னு பாத்துட்டிருந்தேன்" என்றார் சைக்கிள்காரர்.

அக்கா அடுப்பை அணைத்தார். தட்டைக் கையில் எடுத்த பிறகுதான் பேசினார். "இது ஆடாதொடை இல்ல, அரளி. விஷம்" என்றார். தட்டைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினார். அவரையும் கை கழுவச் சொன்னார். அம்மாவை அன்றைக்கே டாக்டரிடம் காட்டுவதாக அவரிடம் வாக்கு வாங்கினார்.

"அட்டையில படம் போட்டு எழுதியிருந்துச்சேக்கா. அத நம்பித்தானே வாங்கினேன்."

"தப்பு எங்களுதுதான்" என்றார் அக்கா. செடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது "நாலு இலை" என்று ஒருமுறை சொன்னார், என்னிடம் அல்ல.

தோட்டத்தில் செயலாளர் காத்திருந்தார். "ஒண்ணும் ஆகலையே? அப்புறம் ஏம்மா நாலு பேர் முன்னால என் மானத்த வாங்குனீங்க?"

"என் குச்சியெல்லாம் எங்க?"

"ஐஸ் குச்சிம்மா அது. பாக்கவே கேவலமா இருந்துச்சு."

"சிவப்புல எழுதியிருந்தேனே. படிச்சீங்களா?"

"படிச்சேன். விஷம்னு போட்டா எவன் வாங்குவான்?"

ஏதோ தெரியாமல் செய்துவிட்டார் என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். அக்கா குரலை உயர்த்தவில்லை. "அப்ப தெரிஞ்சுதான் எடுத்திருக்கீங்க. இருமிக்கிட்டுக் கெடக்குற ஒரு பொம்பளைக்கு வெந்நீர் கொதிச்சிட்டிருந்துச்சு அங்க. உங்களுக்கு மானம் போச்சு."

விற்பனையை நிறுத்தினார். கிடங்குச் சுவரோரம் கிடந்த சாக்கைக் கவிழ்த்து, குச்சிகளைப் பொறுக்கி, நாங்கள் நான்கைந்து பேர் அவர் சொல்லச் சொல்லச் செருகினோம். முடிக்கும்போது மதியம் தாண்டிவிட்டது. வந்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். புதுத் தண்ணீர்த் தொட்டிக்கு வேண்டிய பணத்தில் பாதிகூடத் தேறவில்லை.

அடுத்த வாரக் கூட்டத்தில் குறிப்பேடு சுற்றி வந்தது. 'பெயர் அட்டைகளில் ஏற்பட்ட சிறு குழப்பம் உடனே சரிசெய்யப்பட்டது' என்று செயலாளர் எழுதியிருந்தார். நானும் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். அக்கா படித்தார். பேனாவை மூடினார்.

"விஷம்னு எழுதியிருந்தத படிச்சிட்டுத்தான் எடுத்தார்னு எழுதுங்க. போடறேன்."

"நாப்பது வருஷப் பொதுவாழ்க்கைல என்மேல ஒரு கரும்புள்ளி கிடையாதும்மா."

"புள்ளி வெச்சது நானில்ல."

யாரோ மின்விசிறியைப் பார்த்தார்கள், யாரோ செருப்பைப் பார்த்தார்கள். விற்ற கை என்னுடையது. ஏட்டை வாங்கி என் கையெழுத்தை அடித்தேன். பிறகு இன்னும் ஆறு பேர் அடித்தார்கள். அந்த வரியை மாற்றி எழுத வேண்டியதாயிற்று. செயலாளர் அந்த வருடம் முடிந்ததும் விலகிக்கொண்டார். உடம்பு முடியவில்லை என்று காரணம் சொன்னார்.

அந்தக் கோடை முழுவதும் தெருக்குழாயிலிருந்து கேனில் தண்ணீர் சுமந்தோம். "வாய மூடிக்கிட்டிருந்தா தொட்டி வந்திருக்கும்" என்று அக்கா காதுபடவே சிலர் முணுமுணுத்தார்கள். அவர் தன் கேனை நிரப்பிக்கொண்டு, "அப்ப அந்த வீட்டுக்கு யார் போய் பதில் சொல்றது?" என்று மட்டும் கேட்டார். சைக்கிள்காரரின் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது, மருந்தில் தேறிவிட்டார்.

போன மாதம் நானும் அக்காவும் காய்கறிக் கடையில் நின்றிருந்தோம். பழைய செயலாளர் எதிரே வந்து சிரித்தார். "என்னம்மா, இன்னுமா கோவம்?"

"ஆமா" என்றார் அக்கா. வெண்டைக்காயை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்.