தலைச்சோலைப் பட்டியல்

"ஏனுங்க தம்பி, தலைச்சோலை லிஸ்ட்டைத் தொறந்தாத்தானுங்க விழுகுது. கிளியூருக்கு ஒண்ணும் ஆகறதில்லீங்க."

ஏற்காட்டில் காபி விவசாயிகள் சங்கத்தின் அலுவலகத்திலிருந்து ஓர் அக்கா எனக்குப் போனில் சொன்னது இது. மழைக்கு முன் யாருக்கு எத்தனை நாற்று வேண்டும் என்று ஊர்வாரியாகக் கணினியில் பதிவது அவர் வேலை. அதற்கான இணையதளத்தை எழுதிக் கொடுத்தவன் நான். அதில் இரண்டு சர்வர்கள். முன்னால் நிற்பது, கேட்பதை வாங்கி உள்ளே அனுப்பும். பின்னால் இருப்பது பதிலைத் தயார் செய்து தரும். இந்தப் பின்னால் இருப்பதுதான் அடிக்கடி செத்து விழுந்தது. அப்போதெல்லாம் முன்னது 502 என்ற பிழை எண்ணோடு ஒரு வெள்ளைப் பக்கத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.

"கம்ப்யூட்டருக்கு ஊர் பேரெல்லாம் தெரியுமாக்கா?" என்று சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருக்கலாம். நண்பர்களிடம் சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தேன். இன்று நினைத்தால் கூசுகிறது.

விழுந்த சர்வரைத் தூக்கி நிறுத்துவதும், பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுவதுமாக இரண்டு வாரம் ஓடியது. முன்னால் நிற்கும் சர்வர் நடப்பதையெல்லாம் தானாக எழுதி வைக்கும் பதிவை மட்டும் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒரே கோரிக்கை நாலைந்து முறை வந்திருந்தது. திருடனைப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. "நீங்க திரும்பத் திரும்ப அமுக்கறதாலதான்க்கா விழுகுது" என்றேன்.

"வரலீன்னாத்தானுங்க தம்பி மறுக்கா அமுத்தறேன்."

விழுவது முதலில், அமுக்குவது பிறகு என்பதை அவர் சரியாகத்தான் சொன்னார். பத்தாவது வரை படித்தவர் எனக்குச் சொல்லித் தருவதா என்ற திமிர் என் காதை அடைத்துவிட்டது. சங்கச் செயலாளர் காரணம் கேட்டபோது, பதிவு செய்பவர் பொத்தானைத் தாறுமாறாக அழுத்துகிறார் என்று எழுதியே கொடுத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அந்த ரகம்.

மழை நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வாரமே அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, கணினி படித்த பெண் ஒருத்தியை சேலத்திலிருந்து வரவழைத்தார்கள். மூன்றாம் நாள் அந்தப் பெண் கூப்பிட்டாள். "சார், தலைச்சோலை ஓப்பன் பண்ணா கிராஷ் ஆகுது."

அன்றுதான் பின்னால் இருக்கும் சர்வரின் பதிவைத் திறந்தேன். முதல் நாளே திறந்திருக்க வேண்டியது. நினைவகம் தீர்ந்துபோனதால் நிறுத்தப்பட்டது என்று அது ஒவ்வொரு முறையும் ஒழுங்காக எழுதி வைத்திருந்தது. அதற்கு முந்தைய வரி ஒவ்வொரு முறையும் தலைச்சோலைதான்.

நாற்று வாங்க நிலத்தின் பட்டாவைக் காட்ட வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் அலுவலகத்துக்கு வந்து பட்டாவைக் காட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தலைச்சோலைக்காரர்கள், அலைவானேன் என்று, பட்டாவைப் போனில் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு படமும் பெரிது. பட்டியலைத் திறந்தால் அத்தனை படங்களையும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் ஏற்றும்படி எழுதி வைத்த புண்ணியவான் நான்தான். சரிசெய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

செயலாளரிடம், "சின்னக் கோளாறு, முடிஞ்சுதுங்க" என்றேன். அவர் பாராட்டி டீ வரவழைத்தார். அக்கா சொன்னதுதான் சரி என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. டீயைக் குடித்தேன்.

போன மாதம் கிளியூர் போகும் வழியில் பஸ்ஸில் அக்காவைப் பார்த்தேன். எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கப் போகிறாராம். விரல் நுனிகள் கறுத்திருந்தன. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, நகர்ந்து இடம் கொடுத்தார்.

"ஏனுங்க தம்பி, இப்ப தலைச்சோலை தொறக்குதுங்களா?"

"தொறக்குதுக்கா."

"அது போதுமுங்க. எனக்கு நொம்ப நாளா அதே நெனப்பு. நாந்தான் கைபழகாம எதையோ அமுத்திக் கெடுத்துப்போட்டனாட்ட இருக்குது. மனசுல வெச்சுக்காதீங்க தம்பி."

இல்லைக்கா, தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் திறந்தேன். பஸ் நின்றது. அவர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பாத்து இறங்குங்கக்கா" என்றேன்.