இண்டிகேட்டர் போட்டால் ஹாரன் அடிக்கும்

எங்கள் நைனாவின் வேனில் இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் ஹாரன் அடிக்கும். ஹாரனை அழுத்தினால் வைப்பர் ஆடும். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். புத்தூர் பஸ் ஸ்டாண்டு திருப்பத்தில் முதன்முதலாக அதைக் கண்டபோது, கொளுத்துகிற வெயிலில் வைப்பர் பாட்டுக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்க, நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். நைனா ஒன்றுமே நடக்காததுபோல வண்டியை வளைத்துத் திருப்பினார்.

தம்பி குவைத்துக்குப் போன பிறகு வாங்கிய வேன் அது. செகண்ட் ஹேண்ட்தான். ஆனால் ஆந்திராவில், நகரிப் பக்கத்தில் எங்கள் ஊர்த் தெருவுக்குள் நுழைந்த முதல் குடும்ப வண்டி. ஏழு பேர் உட்காரலாம் என்று எழுதியிருக்கும். நைனா ஊரில் பாதியை ஏற்றுவார். பின்கண்ணாடி முழுக்கப் பெரிய நாமம், இரு பக்கமும் சங்கு சக்கரம். சாவியைத் திருகுமுன் "கோவிந்தா!" என்று குரல் கொடுப்பார். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் திருப்பி "கோவிந்தா!" என்றால்தான் வண்டி நகரும். என் மகள் இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்துக்கொண்டு எல்லோரையும்விட உரக்கச் சொல்வாள்.

அவளுக்கு அப்போது ஐந்து வயது. நான் வாழ்க்கைப்பட்டுப் போன அம்பத்தூரில் யூகேஜி முடித்திருந்தாள். அந்தக் கோடை லீவுக்கு வரும்போது தன் படச் சார்ட்டையும் சுருட்டி எடுத்துவந்து, த-வுக்குத் தக்காளி, தீ-க்கு நெருப்பு என்று விரலை வைத்து நைனாவுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் மட்டும்தான். எங்களுக்கு அப்படியில்லை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடம், சந்தை, ஆபீஸ் எல்லாம் தெலுங்கு. ஒரு பேச்சைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்போம், முடித்தது தெரியவும் தெரியாது.

வண்டியின் வியாதி போதாதென்று தம்பி போனில் ஒரு யோசனை சொல்லியிருந்தான். குவைத்தில் எல்லா வண்டியும் தானாகவே பூட்டிக்கொள்கிறதாம். அவ்வளவுதான், நைனா திருப்பதிக்குப் போய் ஒரு கடையில் சென்ட்ரல் லாக் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். குரங்கு கள்ளும் குடித்துத் தேளும் கொட்டின கதையாகிவிட்டது. குழியில் ஏறி இறங்கினால் நான்கு கதவும் டக்கென்று பூட்டிக்கொள்ளும். இன்னொரு குழியில் இறங்கினால் திறந்துகொள்ளும். எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே சர்வீஸ் சென்டருக்குப் போயே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

திருப்பதி சர்வீஸ் சென்டரில் நைனா கைகட்டிக்கொண்டு நின்றார். "லெஃப்ட் இண்டிகேட்டர் வேஸ்தே ஹாரன் மோகுதுந்தி சார்," என்று தெலுங்கில் முறையிட்டார். அங்கிருந்தவர் வண்டியில் ஏறி இண்டிகேட்டரைப் போட்டார். ஹாரன் அடிக்கவில்லை. ஹாரனை அழுத்தினார். வைப்பர் ஆடவில்லை. எங்கள் வேன் மாமியார் வீட்டுக்கு வந்த புதுப்பெண் மாதிரி அடக்க ஒடுக்கமாக நின்றது. "ஏமீ லேது பெத்தாயனா," ஒன்றுமில்லை என்று சொல்லி அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். கேட்டைத் தாண்டி இடப்பக்கம் திரும்பியதுமே ஹாரன் அலறியது. நான் திகைத்துப்போய் நைனாவைப் பார்த்தேன்.

"இது ஒயர் கோளாறு இல்லம்மா, கிரகக் கோளாறு," என்றார் நைனா. "பேசாம காளாஸ்திரி போய் ராகு கேது பூஜை பண்ணிக்கினு வந்துடலாம்."

"வேனுக்கா நைனா?"

"வேனு யார் பேர்ல கீது? எம் பேர்ல. அப்ப எனக்குத்தான?"

வண்டி காளஹஸ்தி ரோட்டில் ஓடியது.

ஏர்பேடு வந்தபோது நல்ல உச்சிவெயில். ரோட்டோரத்தில் இளநீர் குவித்திருந்தார்கள். மகள் நடு சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஏசி இல்லாத வண்டியானாலும் லாரிப் புழுதிக்காகக் கண்ணாடிகளை இழுத்து மூடியிருந்தோம். நைனா இறங்கினார், ஆனால் இன்ஜினை நிறுத்தவில்லை. "நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் ஆவாது," என்றார். சாவி வண்டியிலேயே இருந்தது. பத்தடி தள்ளித்தான் கடை. நானும் இறங்கிக் கதவைச் சாத்தினேன்.

டக்.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான்கு கதவும் பூட்டிக்கொண்டன. நான் கைப்பிடியை இழுத்தேன், அசையவில்லை. அதே நொடியில் ஹாரன் தானாக அடிக்க ஆரம்பித்தது. விட்டு விட்டு இல்லை, ஒரே அலறல். மகள் திடுக்கிட்டு எழுந்து அழுவது கண்ணாடி வழியே தெரிந்தது. அழும் சத்தம் கேட்கவில்லை. அந்த வெயிலில் மூடிக்கிடக்கும் வண்டி அடுப்பில் ஏற்றிய பானைதான். குழந்தை எவ்வளவு நேரம் தாங்கும்?

இளநீர்க்காரர், வயலில் இருந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் ஓடிவந்து வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். உள்ளேயிருந்து பூட்டுக் குமிழை மேலே இழுத்தால் போதும், கதவு திறந்துவிடும். "பாப்பா, டோர் தீ! தீ!" என்று கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கத்தினார்கள். தெலுங்கில் தீ என்றால் திற. ஹாரன் சத்தத்தை மீறவேண்டும் என்று ஆளுக்கு ஆள் அந்த ஒரு சொல்லையே நீட்டி முழக்கினார்கள். நானும் கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு கத்தினேன். மகள் எங்களை மிரண்டு பார்த்தாள். பிறகு சட்டென்று சரிந்தாள். சீட்டில் அவளைக் காணவில்லை.

மயங்கி விழுந்துவிட்டாள் என்று நினைத்தேன். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினேன். யாரோ ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

ஒருவர் பெரிய கல்லோடு வந்தார். பக்கக் கண்ணாடியை உடைத்தால் கீழே கிடக்கிற குழந்தை மேல் சில்லு கொட்டும். உடைத்தால் பின்கண்ணாடியைத்தான் உடைக்கவேண்டும். கல்லை ஓங்கிக்கொண்டு பின்பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். "நாமம் உந்தி கதா, நேனு கொட்டனு," நாமம் இருக்கிறது, நான் அடிக்கமாட்டேன் என்று கல்லைக் கீழே போட்டார். அடுத்தவரைப் பார்த்தேன். அவரும் பின்வாங்கினார். என் பிள்ளை உள்ளே வெந்துகொண்டிருக்கிறாள், ஒரு ஸ்டிக்கருக்குப் பயந்து ஊரே கைகட்டி நிற்கிறது!

நைனா குனிந்து அந்தக் கல்லை எடுத்தார். அவர் ஒட்டிய நாமம். வெள்ளிக்கிழமை தவறாமல் துடைத்து, பூ வைத்துக் கும்பிடும் நாமம். கல்லைத் தலைக்குமேல் தூக்கினார். பழக்கதோஷம், தொண்டை கிழியக் கத்தினார்:

"கோவிந்தா!"

திருப்பதி ரோட்டில் யார் அந்தச் சொல்லைச் சொன்னாலும் சும்மா நிற்பார்களா? சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில் "கோவிந்தா!" என்றார்கள். எங்கள் பக்கம் பாடையைத் தூக்கும்போதும் அதே கோவிந்தாதான். முடிந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"கீறாம்மா! கொயந்த கீறா!" என்று நைனா அலறியதும் கண்ணைத் திறந்தேன். நடு சீட்டுக்குமேல் இரண்டு பிஞ்சுக் கைகள் குவிந்து எழுந்தன. பின்னாலேயே வேர்த்து நனைந்த தலை. கோவிந்தா போட்டால் பதில் கோவிந்தா சொல்லவேண்டும், அவளுக்குத் தெரிந்தது அதுதான். நைனா கல்லைக் கைவிட்டார். நான் பேசவே இல்லை. குமிழை இழுப்பதுபோலக் கையால் செய்து காட்டினேன், மறுபடி மறுபடி காட்டினேன். அவள் இழுத்தாள். கதவு திறந்தது.

அள்ளி எடுத்து மடியில் போட்டுக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரோ இளநீரை அவள் வாயில் விட்டார்கள். நைனா சீட்டுக்கு அடியில் கையை விட்டு பேட்டரி ஒயரைப் பிடுங்கி எறிந்தார். ஹாரன் நின்றது. அப்போதுதான் அவள் என் காதருகே வந்து கேட்டாள்.

"தீ அணைஞ்சுடுச்சாம்மா?"

"எந்தத் தீ கண்ணு?"

"எல்லாரும் தீ தீன்னு கத்துனாங்களே. அதான் சீட்டுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டேன்."

நான் பேயறைந்தவள் மாதிரி அவளைப் பார்த்தேன். அது தெலுங்கு கண்ணு, கதவைத் திறக்கச் சொன்னாங்க, அவங்களுக்குத் தமிழ் தெரியாது இல்ல, என்று ஏதோ சொன்னேன்.

"நீயுந்தாம்மா கத்துன," என்றாள்.