கேட்காமல் போன குரல்

துறைமுகத்தில் கன்டெய்னர் அனுப்பும் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். வெளிச்சத்தத்தைத் தடுக்கும் வயர்லெஸ் ஹெட்செட்டை அன்றுதான் முதன்முதலாக மாட்டினேன்.

"பாப்பா சத்தம் கேக்குதா?" என்று அழைப்பில் இருந்த அலுவலக ஊழியரிடம் கேட்டேன்.

"கேக்கவே இல்ல மேடம். தூங்குதாளோ?"

மகள் எனக்குப் பின்னால் விளையாடிக்கொண்டிருந்தாள். நிம்மதியாகப் பேச்சைத் தொடர்ந்தேன்.

திடீரென்று பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து என் தோளை உலுக்கினார். "ஏளா, பிள்ள கத்துத கத்து தெருமுக்கு வரைக்கும் கேக்கு. ஒனக்குக் கேக்கலையா?"

என் நாற்காலிக்குப் பின்னால், பீரோ கதவில் விரல் நசுங்கி மகள் நின்றிருந்தாள். எத்தனை முறை 'அம்மா' என்று கூப்பிட்டாளோ!

விரல் ஆறிவிட்டது. இப்போது பழைய வயர் இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுகிறேன். ஆனாலும் என் இரண்டு வயது மகள், விழுந்தால் உடனே அழுவதில்லை. அருகில் வந்து என் இரு காதுகளையும் தொட்டுப் பார்த்த பிறகே அழுகிறாள்.